நிமிர்ந்து நில் என்று ஜூடோ ஏன் சொல்கிறது?

கேள்வி: நான்கு ஆண்டுகள் மல்யுத்தம் பழகிவிட்டு இப்போது ஜூடோ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். குனிந்து தாழ்ந்து நின்றால் பயிற்சியாளர் முதுகில் தட்டி நிமிர்த்திவிடுகிறார். தாழ்ந்து நிற்பவனைச் சாய்ப்பதுதானே கடினம்? நிமிர்ந்து நிற்கச் சொல்வது வெறும் சம்பிரதாயமா?

பதில்:

சம்பிரதாயம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இடுப்பைத் தாழ்த்துவது வேறு, முதுகை வளைப்பது வேறு. மல்யுத்தத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால் உங்கள் உடம்பு அவற்றை ஒன்றென்று பழகிவிட்டது. உங்கள் பயிற்சியாளர் தட்டுவது முதுகை மட்டும்தான். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். நீங்கள் முழங்காலை மடித்து இடுப்பை இறக்கினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

நானும் உங்களைப் போல வேறு ஆட்டத்திலிருந்து வந்தவன்தான். கபடி. முதல் வாரம் களத்தில் நிற்பது போலவே கைகளை முன்னால் விரித்துக் குனிந்து நின்றேன். என்னைவிடப் பத்துக் கிலோவாவது குறைவாக இருக்கும் ஒரு கல்லூரி மாணவன் எதிரே வந்து, என் சட்டையின் கழுத்துப்பட்டையைப் பிடரிக்கு அருகே பிடித்தான். இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. தன் முழங்கையைக் கீழே தொங்கவிட்டான். அவன் கையின் பாரம் முழுவதும் என் கழுத்தில் இறங்கியது. தலை கவிழ்ந்தது. கவிழ்ந்த தலையைத் தாங்க என் வலது கால் தானாக முன்னால் வந்தது. வந்த கால் தரையில் பதிவதற்குள் அதை வாரிவிட்டான். கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி, எந்தப் பிடியில் விழுந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவிழ்த்தது என் தலையின் கனம்தான் என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

மல்யுத்தத்தில் நீங்கள் குனிவதற்கு நல்ல காரணம் உண்டு. பிடிப்பதற்கு அங்கே துணி கிடையாது. வியர்த்து வழுக்கும் உடம்புதான். எதிராளி உங்கள் காலுக்குத்தான் பாய்வான். காலைக் காக்கத் தலையையும் கையையும் முன்னால் காவல் வைக்கிறீர்கள். ஜூடோவிலோ தடித்த பருத்தியில் நெய்த சட்டை அணிந்திருக்கிறீர்கள். அதன் கழுத்துப்பட்டை ஒரு கைப்பிடி, கைப்பகுதி இன்னொரு கைப்பிடி. காதுகள் வைத்த அண்டாவைக் கவிழ்ப்பதற்கும் வழவழப்பான பானையைக் கவிழ்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. குனிந்தவன் காது இரண்டையும் எதிராளி பக்கம் திருப்பி வைக்கிறான்.

இதோடு போட்டி விதியும் சேர்ந்துகொள்கிறது. சர்வதேசப் போட்டிகளில் கையால் காலை நேரடியாகப் பிடித்து வீழ்த்துவதை 2010-இல் கட்டுப்படுத்தினார்கள். 2013-இல் நின்று ஆடும்போது இடுப்புக் கச்சைக்குக் கீழே பிடிப்பதையே தடுத்துவிட்டார்கள். வராத தாக்குதலுக்காகக் காவல் நிற்பதில் பொருள் இல்லை. வளைந்து, ஒதுங்கி, தற்காப்பிலேயே நின்றுகொண்டிருந்தால் நடுவர் ‘ஷிடோ’ என்ற தண்டனையைக் கொடுப்பார். மூன்று ஷிடோ வாங்கினால் ஆட்டமே போய்விடும்.

நிமிர்ந்து நிற்கும் வழக்கம் இந்த விதிகளால் வந்தது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் தன் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது காலைப் பிடிக்க எந்தத் தடையும் இல்லை. அப்போதும் ‘ஷிசென்டாய்’ என்ற இயல்பு நிலையைத்தான் அவர் அடிப்படையாக வைத்தார். அதற்கு முன் அவர் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியப் போர்க்கலையின் இரண்டு மரபுகளில் பயின்றவர். தென்ஜின் ஷின்யோ மரபிலிருந்து கழுத்து நெரிப்பு, மூட்டுப் பூட்டு, தரைப் பிடிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். கிட்டோ மரபிலிருந்து வந்தவை வீச்சுகள், அதாவது நின்றபடி எதிராளியைத் தூக்கியோ வாரியோ வீழ்த்தும் முறைகள். கவசம் அணிந்த வீரர்கள் மோதுவதாக எண்ணிச் செய்யும் கிட்டோ மரபின் பழைய அசைவுகள் ‘கோஷிகி நோ காத்தா’ என்ற பெயரில் இன்றும் கோடோகானில் இருக்கின்றன. அதை ஒருமுறை பார்த்தால் நிமிர்ந்த முதுகுக்கு என்ன வேலை என்று விளங்கிவிடும். கவசத்தின் பாரத்தோடு குனிந்தவனை யாரும் தள்ள வேண்டியதே இல்லை.

இயல்பு நிலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் கூட்டமில்லாத டவுன் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்க்கச் சொல்வேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் டிக்கெட். கம்பியைப் பிடிப்பதில்லை. கால்கள் தோளகலம் விரிந்திருக்கும், ஒரு கால் அரை அடி முன்னே. முழங்கால் விறைத்திருக்காது, மடிந்தும் இருக்காது. டிரைவர் பிரேக் போட்டால் நாமெல்லாம் முன் இருக்கையில் முட்டுவோம். அவர் இடுப்பு மட்டும் லேசாகப் பின்னால் இறங்கி மறுபடி ஏறும். தலை இருந்த இடத்தில் இருக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: பஸ் ஓடும்போது அவர் காலைத் தூக்கி நடப்பதில்லை, தேய்த்து நகர்வார். ஒரு காலைத் தாண்டி மறு காலை வைக்கவே மாட்டார். ஜூடோ வகுப்பில் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தானே கற்றுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு காலும் ஒரே வரிசையில் இருந்தால் அது நேர் இயல்பு நிலை. வலது காலை ஓரடி முன்வைத்தால் வலது நிலை. இடதை வைத்தால் இடது நிலை. இதே மூன்றையும் காலை இன்னும் அகட்டி, முழங்காலை மடித்துச் செய்தால் ‘ஜிகோடாய்’, அதாவது தற்காப்பு நிலை. பெயர்கள் அவ்வளவுதான், மனப்பாடம் செய்ய இதில் ஒன்றும் இல்லை.

பெயரைவிட முக்கியமான ஒன்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கால்களைப் பக்கவாட்டில் அகட்டி நின்றுகொண்டு தோளை இடமிருந்து வலமாகத் தள்ளச் சொல்லுங்கள். மரம் போல நிற்பீர்கள். அதே நிலையில் நெஞ்சில் ஒரு விரலால் அழுத்தச் சொல்லுங்கள். பின்னால் அடி வைப்பீர்கள். இரண்டு பாதங்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் வழியே நீங்கள் பலசாலி, அதற்குக் குறுக்கே பலவீனம். எந்த நிலையில் நின்றாலும் இந்தக் குறுக்குத் திசை இருந்தே தீரும். காலை அகட்டினால் அது மறைவதில்லை. நீங்கள் நகர்வதுதான் கடினமாகிறது. அதனால் பலவீனம் ஒரே இடத்தில் நின்று எதிராளிக்காகக் காத்திருக்கிறது. நிமிர்ந்து, தளர்ந்து நிற்பவனுக்கும் பலவீனம் உண்டு. ஆனால் எதிராளி அதைக் கண்டுபிடித்துக் காலை நீட்டுவதற்குள் அது வேறு திசைக்குப் போய்விடும். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்.

இனி கைகள். வலதுகைக்காரர் என்றால் உங்கள் வலது கை எதிராளியின் இடப்பக்கக் கழுத்துப்பட்டையில், காரையெலும்பின் உயரத்தில். இடது கை அவருடைய வலது முழங்கைக்கு அருகே சட்டைத் துணியில். முதலாவது ‘சுரிதே’, தூக்கும் கை. இரண்டாவது ‘ஹிகிதே’, இழுக்கும் கை. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பிடிக்க வேண்டும். மற்றவை துணியோடு சும்மா இருக்கலாம். வாளியைத் தூக்குவது போலப் பிடிக்காமல், கயிற்றைத் தளர்த்தி இறுக்கிக் கிணற்றில் நீர் சேந்துவது போலப் பிடிக்க வேண்டும்.

இப்படித் தளர்ந்து பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கை வெறும் பிடியல்ல, காது போன்றது. எதிராளி எந்தக் காலில் பாரத்தை ஏற்றுகிறார், எந்தக் காலைத் தூக்கப்போகிறார் என்பதெல்லாம் அந்தத் துணி வழியாக உங்களுக்கு வந்துசேரும். கையை விறைத்தால் அந்தச் செய்தி நின்றுவிடும். உங்கள் மனத்தில் இருப்பதுதான் அவருக்குப் போகும்.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு செய்யும் முதல் வேலை ‘குசுஷி’: நிலை குலைப்பது. ஒரு வீச்சை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். குலைப்பது குசுஷி, குலைந்தவருக்கு அடியில் உங்கள் உடம்பைப் பொருத்துவது சுகுரி, வீழ்த்துவது காகே. குலைக்கும் திசைகள் எட்டு: முன், பின், இரு பக்கம், நான்கு மூலை. எட்டையும் வரைபடமாகப் போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். உண்மையில் பழக வேண்டியது திசையல்ல, பதில். நீங்கள் தள்ளினால் எதிராளி தன்னையறியாமல் திருப்பித் தள்ளுவார். அப்போது அவர் முன்னால் சாய்கிறார். நீங்கள் இழுத்தால் பின்னால் சாய்கிறார். வீச்சுக்கு வேண்டிய விசையில் பாதியை அவரே கொடுத்துவிடுகிறார். மல்யுத்தத்திலும் இதைச் செய்திருப்பீர்கள்; இங்கே அதற்குப் பெயர் வைத்து முதல் பாடமாக்கியிருக்கிறார்கள்.

என்னை வாரிவிட்ட அந்தப் பிடிக்கு ‘தே ஆஷி பராய்’ என்று பெயர். முன்வரும் காலைப் பெருக்கித் தள்ளுவது. தமிழில் காலை வாருவது என்றால் துரோகம். ஜூடோவில் அது எல்லா வீச்சுகளிலும் அழகானது என்பது என் கட்சி. பலம் வேண்டியதில்லை, நேரம் மட்டும் வேண்டும். எதிராளியின் கால் முன்னால் வருகிறது. பாதம் பாயைத் தொட்டுவிட்டது, பாரம் இன்னும் ஏறவில்லை. அந்த இமைப்பொழுதில் உங்கள் உள்ளங்காலைக் குழித்து, சுண்டுவிரல் ஓரம் பாயை உரசிக்கொண்டே போக, அவர் கணுக்காலுக்குக் கீழே ஒட்டி, அவர் போய்க்கொண்டிருந்த திசையிலேயே இன்னும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும். கைகள் அதே நேரத்தில் பெரிய லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவது போல ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சுழலும். கொஞ்சம் முந்தினால் அவர் காலைத் தூக்கிக்கொள்வார். பிந்தினால் தூணை உதைத்த மாதிரி உங்கள் கால்தான் வீங்கும். மழைக்காலத்தில் பாசி பிடித்த படிக்கட்டில் கால் வைத்தவருக்கு என்ன நேர்கிறதோ அதுதான் அவருக்கும் நேரும், பாசி நீங்கள்.

‘பராய்’ என்பதற்கும் ‘காரி’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். பராய் என்றால் பெருக்குதல். பாரம் இல்லாத காலுக்கு உரியது. காரி என்றால் அரிவாளால் அறுத்தல். பாரம் ஏறிய காலுக்கு உரியது. ‘ஓ சோட்டோ காரி’யில் எதிராளியை அவருடைய வலது பின்மூலைக்குச் சாய்த்து, முழுப் பாரத்தையும் அந்த ஒரு குதிகாலில் ஏற்றிவிட்டு, அதன்பின் உங்கள் காலை வெளிப்புறமாகக் கொண்டுபோய் அந்தக் காலை அறுத்தெடுக்கிறீர்கள். சாய்க்காமல் காலை மட்டும் வீசினால் அவர் அதையே உங்களுக்குத் திருப்பிச் செய்வார். பெயர்களுக்குப் பயப்படாதீர்கள். ‘ஓ’ பெரியது, ‘கோ’ சிறியது, ‘சோட்டோ’ வெளி, ‘உச்சி’ உள். நம் காதுக்கு உச்சி என்றால் தலைக்கு மேல்தான் போகிறது. ‘உச்சி மாத்தா’ என்பதோ உள்தொடை.

தோள்வீச்சான ‘இப்பொன் சியோ நாகே’யை உங்களைப் போன்ற மல்யுத்தக்காரர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். அங்கேதான் முதுகு வளைக்கும் பழக்கமும் அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். சட்டையைப் பிடித்த இடது கையை, கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல உங்கள் முகத்துக்கு முன் உயர்த்துங்கள். எதிராளி முன்விரல்களில் எழும்பி நிற்பார். அந்த இடைவெளியில் திரும்பி, உங்கள் வலது முழங்கை மடிப்பை அவர் அக்குளுக்கு அடியில் சொருகி, அவர் பாதங்களுக்குள்ளே உங்கள் பாதங்களை வைத்து, முழங்காலை மடித்து இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே கொண்டுபோங்கள். இதுவரை முதுகு நேராக இருக்க வேண்டும். இங்கேயே குனிந்துவிட்டால் அவர் உங்கள் முதுகில் பையைப் போலத் தொங்குவார், வீச்சு வராது. முழங்கால் நிமிரும்போதுதான் அவர் எழும்புவார். முன்னால் மடங்குவது கடைசி நொடியில்.

இந்த வீச்சுக்குப் பெயர்போனவர் ஜப்பான் வீரர் தொஷிஹிகோ கோகா. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவில், போட்டிக்குச் சில நாள்களுக்கு முன் பயிற்சியில் முழங்கால் அடிபட்டும் தங்கம் வென்றவர். எடைப் பிரிவு இல்லாத அனைத்து ஜப்பான் போட்டியில் 1990-இல் தன்னைவிட மிகப் பெரிய உடல்காரர்களைத் தாண்டி இறுதிக்கு வந்து, நவோயா ஓகாவாவிடம்தான் தோற்றார். அவருடைய ஆட்டப் பதிவு கிடைத்தால் வீச்சைப் பார்க்காமல் அதற்கு முன் அவர் நிற்பதைப் பாருங்கள். முதுகில் கோல் வைத்துக் கட்டியது போல இருக்கும்.

தற்காப்பு நிலையே வேண்டாமா என்றால், வேண்டும், ஒரு நொடிக்கு. எதிராளி இடுப்பு வீச்சுக்குத் திரும்பி உள்ளே வரும்போது நீங்கள் முழங்காலை மடித்து இடுப்பை இறக்கி, வயிற்றை முன்னால் தள்ளி அவர் முதுகில் முட்டுக்கொடுக்கிறீர்கள். அவர் உங்களைத் தூக்க முடியாது. நான்காண்டு மல்யுத்தம் உங்களுக்குத் தந்த தாழ்ந்த இடுப்பு இங்கே சொத்து. வேலை முடிந்ததும் நிமிர்ந்துவிட வேண்டும். அங்கேயே தங்கிவிட்டால் அவர் திசையை மாற்றி உங்களைப் பின்னால் சாய்ப்பார்.

மல்யுத்தத்திலிருந்து வருபவர்களிடம் நான் நிலையைவிட அதிகமாக அஞ்சும் பழக்கம் ஒன்று உண்டு. முதுகு தரையில் படக்கூடாது என்று உங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருக்கும். விழும்போது தலையையும் குதிகாலையும் ஊன்றி உடம்பைப் பாலம் போல வளைப்பீர்கள். ஜூடோவில் அதனால் ஒரு பயனும் இல்லை. பாலம் போட்டு விழுந்தாலும் எதிராளிக்கு முழு வெற்றியான இப்பொன்னைத்தான் கொடுப்பார்கள். கழுத்துக்கு நேரும் ஆபத்துதான் மிச்சம். அதைப்போலவே கையை ஊன்றி விழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கேடு. விழும் முறையான ‘உக்கெமி’யைச் சலிப்பில்லாமல் பழகுங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து உங்கள் கச்சையின் முடிச்சைப் பாருங்கள். தலை தானாகத் தரையிலிருந்து விலகியிருக்கும். கையை உடம்பை ஒட்டிய கோணத்தில் விரித்துப் பாயில் அறையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஓ சோட்டோ காரி போன்ற பின்வீச்சுகளில் புதியவர்களின் பின்மண்டைதான் முதலில் மோதும். உக்கெமி உடம்பில் பதியும்வரை அந்த வீச்சை யாரும் உங்கள்மேல் வேகமாகச் செய்ய விடாதீர்கள். சீனியராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம்.

தரைப் பிடிகளைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே உங்கள் கை ஓங்கியிருக்கும். மல்யுத்தத்தில் தோள் இரண்டும் பட்டதுமே முடிந்துவிடும். இங்கே 20 நொடி அழுத்தி வைத்தால்தான் இப்பொன். ஆகவே வேகத்தைவிட நெஞ்சின் பாரத்தை எதிராளிமேல் முழுவதுமாக இறக்கத் தெரிய வேண்டும். குப்புறத் திரும்பிக்கொண்டால் பழையபடி பாதுகாப்பு என்று மட்டும் எண்ணாதீர்கள். திரும்பிய முதுகின்மேல் ஏறிக் கழுத்தை நெரிப்பது இங்கே சட்டப்படி சரி.

இப்போதைக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வீச்சு எதுவும் வேண்டாம். ஒரு துணையோடு முறைப்படி சட்டையைப் பிடித்துக்கொண்டு, பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து நிமிடம் தேய்த்து நடங்கள். அவர் விரும்பிய திசையில் இழுக்கட்டும், தள்ளட்டும். நீங்கள் முதுகை வளைக்காமல் கூடவே போனால் போதும். பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஜூடோவில் ஆட்டம் தொடங்கும்போதே இருவரும் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பார்மர் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தது அப்படித்தான். கண்ணை மூடிய இரண்டாவது நிமிடத்தில், துணையின் எந்தக் கால் அடுத்து நகரப்போகிறது என்று உங்கள் இடது சுண்டுவிரலுக்குத் தெரியத் தொடங்கும். தெரிந்த அந்தக் காலை உடனே வாரிவிடத் தோன்றும். முதல் வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.